சனிக்கிழமை மழை வருமா?

தொலைக்காட்சியில் முகம் காட்டுகிறவர்களை வழியில் பார்க்கும் மக்கள் என்ன கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த நிகழ்ச்சி எப்போது, அந்தப் புடவை எங்கே வாங்கியது என்றெல்லாம் கேட்பார்கள்தான். ஆனால் அக்டோபர் பிறந்து தேக்காவில் விளக்கு அலங்காரம் ஏறிவிட்டால் கேள்வி மாறிவிடும். "ஏம்மா, சனிக்கிழமை மழை வருமா?"

வானிலை நான் படித்த பாடம் அன்று. பலதுறைத் தொழிற்கல்லூரியில் நான் வாங்கியது பொதுத் தொடர்பியல் பட்டயம். வந்த குறிப்பைத் தவறில்லாமல், நேரத்துக்குள் வாசிப்பதுதான் என் வேலை. அந்த வேலையிலேயே நான் செய்த ஒரு பிழையால்தான் இந்தக் கேள்வியை உட்கார்ந்து படிக்க நேர்ந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. நிகழ்ச்சி முடிய ஒருசில விநாடிகளே இருந்தன. என் கையில் இருந்த தாளில், "நாளை பெரும்பாலும் வெயில். பிற்பகலில் சில பகுதிகளில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்" என்று இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியத்தை வாசித்தேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். "கடைத்தெருவுக்குக் கிளம்புங்கள்" என்று ஒரு சிரிப்பையும் சேர்த்து முடித்தேன்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குத் தேக்காவில் கொட்டியது மழை. தீபாவளிச் சந்தையில் தோரணமும் அகல் விளக்கும் விற்கும் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கம். வெயில்தானே என்று கடைக்கு வெளியே மேசை போட்டுக் காகிதத் தோரணங்களை அடுக்கி வைத்திருந்தார். காற்றும் மழையும் சேர்ந்து வந்ததில் பாதிச் சரக்கு நனைந்து சாயம் ஓடிவிட்டது. நான் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. "நீதானேம்மா டிவியில சொன்னே" என்றார். அவ்வளவுதான்.

அதே நேரத்தில் அங் மோ கியோவில் என் அம்மா வெளியே போட்டிருந்த துணி காய்ந்து மடித்தும் ஆகிவிட்டது. அங்கே ஒரு துளி விழவில்லை. தாளில் இருந்த முன்னுரைப்பு சொன்னது நடந்தது. நான் சொன்னது நடக்கவில்லை.

வருமா என்பது எளிய கேள்வி

சாங்கி வானிலை நிலையத்தின் 1991 முதல் 2020 வரையிலான சராசரியைப் பாருங்கள். நவம்பரில் 19 நாள் மழை. டிசம்பரிலும் 19 நாள். அதாவது நவம்பர் மாதத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தினமும் "நாளை மழை" என்று சொன்னாலே மூன்றில் இரண்டு பங்கு நாள்களில் அவர் சொன்னது பலித்துவிடும். அதற்குக் கணினியும் வேண்டாம், செயற்கைக்கோளும் வேண்டாம்.

கடினமான கேள்விகள் வேறு. எத்தனை மணிக்கு? எந்தப் பேட்டையில்? எவ்வளவு நேரம்? தோரணம் விற்கும் அக்காவுக்குத் தேவை இவைதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் விடுப்பு என்று தங்குவிடுதியிலிருந்து பேருந்து ஏறித் தேக்காவுக்கு வந்து, திடலில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் ஊழியருக்கும் இவைதான் தேவை. அவருக்கு ஒரு ஞாயிறு போனால் அடுத்தது ஒரு வாரம் கழித்து.

சிங்கப்பூர் கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர், வடக்கு தெற்காகச் சுமார் 27 கிலோமீட்டர். இங்கே உருவாகும் ஓர் இடிமேகத்தின் அகலமோ சில கிலோமீட்டர்தான். அது பிறந்து, வளர்ந்து, கொட்டித் தீர்ப்பதெல்லாம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். ஜூரோங்கில் நனைந்தவர் தெம்பனிசில் இருப்பவரிடம் தொலைபேசியில் மழையைப் பற்றிச் சொன்னால் அவர் நம்பமாட்டார். இருவர் சொல்வதும் உண்மை.

தீபாவளி மழை வேறு, பொங்கல் மழை வேறு

"ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று நம் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். அது தமிழ்நாட்டுக் கணக்கு. சென்னைக்கு மழை மிகுந்த மாதம் நவம்பர். அங்கே மார்கழி என்றால் பனியும் குளிரும். சிங்கப்பூரில் மழை மிகுந்த மாதம் டிசம்பர். சராசரி 331.9 மில்லிமீட்டர். ஆண்டு முழுவதற்குமான மழை சுமார் 2,113 மில்லிமீட்டர் என்றால், இந்த ஒரு மாதத்தின் பங்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பழமொழி கப்பலேறி வந்தது, மழைக் கணக்கு கூட வரவில்லை.

ஆகவே நம் பண்டிகைகள் இரண்டு வகை மழையில் வந்து விழுகின்றன.

முதல் வகை தீபாவளி மழை. அக்டோபர், நவம்பர் மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். தென்மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும். வடகிழக்குக் காற்று இன்னும் நிலைபெற்றிருக்காது. காற்று மெலிந்திருப்பதால் காலை முழுவதும் தரை கொதிக்கும். சூடான காற்று மேலே எழும்பும். கடற்காற்று உள்ளே வந்து அதற்கு ஈரப்பதம் சேர்க்கும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேகம் கறுத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஆண்டுக்கு 160 நாள்களுக்கு மேல் இடி முழங்கும் ஊர் நம்முடையது. கொதிக்கும் பானையில் எந்த இடத்தில் முதல் குமிழி வெடிக்கும் என்று சொல்ல முடியுமா? நீர் கொதிக்கும் என்று சொல்லலாம், எப்போது கொதிக்கும் என்றும் ஓரளவு சொல்லலாம். குமிழியின் இடம் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

இரண்டாவது வகை, டிசம்பரிலும் ஜனவரியிலும் வருவது. பொங்கல் மழை என்று வைத்துக்கொள்வோம். இது நம் தரையில் பிறப்பதில்லை. சைபீரியாவில் உறைந்து கனத்த காற்று, சீனாவைத் தாண்டித் தென்சீனக் கடல்மீது வேகமாக இறங்கி வரும். வரும் வழியெல்லாம் வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வரும். இதை 'மான்சூன் சர்ஜ்' என்பார்கள். காற்றுப் பாய்ச்சல் என்று நாம் சொல்லலாம். ஒரு பருவத்தில் பொதுவாக இரண்டு முதல் நான்கு முறை வரும். வந்தால் இடி குறைவு, மழை நீளம். விட்டு விட்டும் தொடர்ந்தும் சில நாள்கள் பெய்யும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வை தேடுவோமே, அந்த நாள்கள்தான்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? சைபீரியாவிலிருந்து புறப்படும் மழையைச் சில நாள்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். காற்றழுத்தமும் காற்றின் வேகமும் வடக்கே மாறுவது வழியெல்லாம் தெரியும். புக்கிட் தீமாவில் பிறந்து தேக்காவில் கொட்டும் மழையை முந்தின நாள்கூடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. தூரத்து உறவினர் கடிதம் போட்டுவிட்டு வருகிறார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமலே நுழைகிறார்.

2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு முந்தைய வார இறுதி பலருக்கும் நினைவிருக்கும். ஜனவரி 10 வெள்ளிக்கிழமை, 11 சனிக்கிழமை. காற்றுப் பாய்ச்சல் வரப்போகிறது என்று சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. சொன்னபடியே வந்தது. இரண்டு நாள்களுக்குள் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர். ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 மில்லிமீட்டர்தான். ஒரு மாத மழை ஒரு வார இறுதியில் கொட்டிவிட்டது.

இந்த மழையை எளிதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு சனிக்கிழமையும் சாட்சி. 1978 டிசம்பர் 2. பாய லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பதிவானது. இன்றுவரை சிங்கப்பூரின் ஒருநாள் மழைக்கு அதுவே உச்சம். அந்த வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு வடிகால்கள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனால் மழை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்றாவதாக ஒன்றையும் சொல்லவேண்டும். விடியற்காலையில் மேற்கிலிருந்து வரிசை கட்டி வரும் 'சுமத்ரா' காற்றுமழை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரண்டு, நாம் காலை நடைக்குப் புறப்படும் நேரத்தில் வந்து சேரும்.

புயலுக்குப் பெயர் வைக்காத ஊர்

தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் நவம்பரில் தொலைபேசியில் பேசினால் புயலின் பெயரைச் சொல்லித்தான் பேசுவார்கள். இன்ன இடத்தில் மையம், இன்ன நேரத்தில் கரையைக் கடக்கும் என்று வரைபடம் போட்டுக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, "அங்கே சொல்ல முடிகிறது, இங்கே ஏன் முடியவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி உதவ வேண்டும். நிலநடுக்கோட்டின் அருகில் அந்த உதவி மிகக் குறைவு. அதனால் புயல்கள் நம்மை அநேகமாக எட்டிப் பார்ப்பதில்லை. விதிவிலக்காக 2001 டிசம்பர் 27ஆம் தேதி 'வாமெய்' என்ற புயல் நம் பக்கத்திலேயே உருவாகி, ஜோகூரின் தென்கிழக்கில் கரை ஏறியது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு நெருக்கத்தில் ஒரு புயல் உருவானது உலக வானிலை அறிஞர்களையே வியக்க வைத்தது.

புயல் இல்லாதது நமக்கு நன்மை. முன்னுரைப்பவருக்கு அது ஒரு சங்கடம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு புயலைச் செயற்கைக்கோளில் நாள்கணக்கில் பின்தொடரலாம். இரண்டு மணிக்குப் பிறந்து மூன்று மணிக்கு மறையும் இடிமேகத்தை எப்படிப் பின்தொடர்வது?

உலக அளவில் வானிலையைக் கணிக்கும் கணினிகள் பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஒரு சதுரத்தின் பக்கம் 9 கிலோமீட்டர் என்று வைத்தால், சிங்கப்பூர் முழுவதும் ஏறக்குறைய ஒன்பதே சதுரங்களில் அடங்கிவிடும். தேக்கா, தோ பாயோ, மரினா எல்லாம் ஒரே சதுரத்துக்குள் போய்விடலாம். அதனால்தான் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் சேர்ந்து 'சிங்-வி' என்ற கணினி மாதிரியை உருவாக்கியது. அதில் சதுரத்தின் பக்கம் 1.5 கிலோமீட்டர்தான். இப்போது நம் தீவு முந்நூறுக்கும் மேற்பட்ட சதுரங்களாகிறது. தீவு முழுவதும் தானியங்கி மழைமானிகள், வானில் ஏறிக் காற்றையும் ஈரத்தையும் அளக்கும் பலூன், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும் ஜப்பானின் 'ஹிமாவாரி' செயற்கைக்கோள் என்று பல இடங்களிலிருந்து தகவல்கள் வந்து சேர்கின்றன. இத்தனைக்குப் பிறகும் "பெய்யலாம்" என்றுதான் சொல்கிறார்கள். ஏன்?

மூன்று இலக்கங்களை விட்டதால்

1961ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை அறிஞர் கணினியில் ஒரு கணக்கை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். முதலில் கணினி வைத்திருந்த எண் 0.506127. இரண்டாம் முறை அவர் தட்டியது 0.506. கடைசி மூன்று இலக்கங்களை விட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். தொடக்கத்தில் இரண்டு கணக்குகளும் ஒன்றாகத்தான் போயின. போகப் போகப் பிரிந்து, கடைசியில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு வானிலைகள் ஆகிவிட்டன. 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வு, வானிலைத் துறையின் அடிப்படைகளில் ஒன்றானது.

இன்றைய காற்றை நாம் முழுத் துல்லியத்தோடு அளக்க முடியாது. அளவில் உள்ள சிறு குறை, நாள் ஆக ஆகப் பெரிதாகும். ஆகவே இன்றைய ஆய்வகங்கள் ஒரே கணக்கை ஒரு முறை ஓட்டுவதில்லை. தொடக்க எண்களைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுகின்றன. எல்லா முறையும் மழை என்றே விடை வந்தால் நம்பிக்கை கூடும். பாதி முறை மழை, பாதி முறை வெயில் என்று வந்தால் அந்தத் தயக்கத்தை மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை. "பெய்யலாம்" என்ற சொல் மழுப்பல் இல்லை. அதுவும் ஓர் அளவுதான்.

லோரன்ஸ் கதையைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் நினைவுக்கு வந்தது. அவர் விட்டது மூன்று இலக்கங்கள். நான் விட்டது ஒரு வாக்கியம்.

வார இறுதியை வாசிப்பது எப்படி?

முன்னுரைப்பை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுப்பதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. அது படிப்படியாகத் தெளிவாகும் ஒன்று. நாமும் படிப்படியாகத்தான் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை அல்லது வியாழக்கிழமை, நான்கு நாள் முன்னுரைப்பைப் பாருங்கள். அதில் தேடவேண்டியது ஒன்றுதான். இது தீபாவளி மழையா, பொங்கல் மழையா? "பிற்பகலில் இடியுடன் மழை" என்று இருந்தால் காலை நேரம் பெரும்பாலும் உங்களுடையது. காற்றுப் பாய்ச்சல் என்று அறிவித்திருந்தால் நாள் முழுவதற்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். திடலில் வைக்க நினைத்த விருந்தைப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கோ சமூக மன்றத்துக்கோ மாற்ற அப்போதே பேசிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு, 24 மணி நேர முன்னுரைப்பு. இதில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று வட்டாரமும், காலை, பிற்பகல், இரவு என்று வேளையும் பிரித்துச் சொல்லியிருப்பார்கள். சின்னச் சின்னச் சொற்களைக் கவனியுங்கள். "சில பகுதிகளில்" என்றால் உங்கள் பேட்டை தப்பவும் கூடும். "பெரும்பாலான பகுதிகளில்" என்றால் தப்புவது அரிது. படத்தில் மேகமும் மின்னலும் போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்து செய்யாதீர்கள்.

புறப்படுவதற்குமுன், இரண்டு மணி நேர முன்னுரைப்பையும் ரேடார் படத்தையும் பாருங்கள். ரேடார் அலையை அனுப்பும். மழைத்துளியில் பட்டு அது திரும்பும். எங்கே, எவ்வளவு பெய்கிறது என்று அதில் தெரியும். 'மைஎன்வி' செயலியில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த வண்ணத் திட்டுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று சில நிமிடம் கவனித்தாலே போதும். மேற்கிலிருந்து வரும் சுமத்ரா வரிசையை அது வருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஆனால் ஒன்று. இனிமேல் பிறக்கப்போகும் மேகத்தை ரேடார் காட்டாது. இரண்டு மணி நேரத்துக்குமேல் அதை நம்பி இருக்காதீர்கள்.

கடைசியாக, இடி கேட்டால் திடலில் நிற்காதீர்கள். மரத்தடியும் வேண்டாம். கூடாரம் மழைக்கு ஒதுங்க உதவும், மின்னலுக்கு உதவாது. கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கனமழை நேரத்தில் கால்வாய் ஓரம் நடக்க வேண்டாம். திடீர் வெள்ளம் ஏற்படக்கூடிய இடங்களைப் பொதுப் பயனீட்டுக் கழகம் தன் டெலிகிராம் தளத்தில் உடனுக்குடன் அறிவிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து திடலில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களுக்கு இந்த நாலு வரியை அவர்கள் மொழியில் யாராவது சொன்னால் அது பெரிய உதவி.

அக்கா கேட்ட கேள்வி

அந்த நனைந்த தோரணங்களுக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. காசு கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. அவர் கைத்தொலைபேசியில் செயலியைப் போட்டு, ரேடார் படத்தை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு தீபாவளிச் சந்தையில் மதியம் ஒன்றரை மணிக்கு அவரைப் பார்த்தேன். நல்ல வெயில். காகிதச் சரக்கு எல்லாம் உள்ளே இருந்தது. வெளி மேசையில் அகல் விளக்குகள் மட்டும். தார்ப்பாய் கயிறு கட்டித் தயாராக இருந்தது.

"மழை வருமான்னு இப்பல்லாம் கேக்கறதில்லம்மா," என்றார். "எத்தனை மணிக்குன்னுதான் பாக்குறேன். காலையில காகிதம், மத்தியானம் மண் விளக்கு. விளக்கு நனைஞ்சா தொடைச்சு வித்துடலாம்."

இப்போதெல்லாம் வானிலைக் குறிப்பு வரும்போது நேரம் குறைவாக இருந்தால், என் சிரிப்பையும் கடைசி வரி வாழ்த்தையும் வெட்டிவிடுகிறேன். "பிற்பகலில்", "சில பகுதிகளில்", "பெய்யலாம்" ஆகிய மூன்று சொற்களையும் வெட்டுவதில்லை. நீங்களும் கேட்கும்போது அவற்றைத் தவறவிடாதீர்கள்.